லெய்டன் பல்கலைக்கழக நூலகத்தின் இஸ்லாமியச் சுவடிகள்: எண்ணைப் பிடித்தால் ஏடு கைக்கு வரும்

லெய்டன் என்ற பெயரை நம்மில் பலர் முதலில் கேட்டது ஆனைமங்கலச் செப்பேடுகள் வழியாகத்தான். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் விட்ட ஊரைப் பற்றிய 21 ஏடுகள், எடை சுமார் 30 கிலோ. லெய்டன் பல்கலைக்கழக நூலகப் பதிவேட்டில் அவை பெற்ற எண் 'ஓர். 1687'. குலோத்துங்கன் காலத்து மூன்று சிறிய ஏடுகளுக்கு 'ஓர். 1688'. அந்த 'ஓர்.' நம் தமிழ் 'ஓர்' அல்ல. கீழைத்தேயம் என்பதற்கான லத்தீன் சொல்லின் சுருக்கம். சோழர் செப்பேடு இடம்பிடித்த அதே வரிசையில்தான் ஆயிரக்கணக்கான அரபு, பாரசீக, துருக்கி, மலாய், ஜாவா மொழிச் சுவடிகள் நிற்கின்றன. ஐரோப்பாவின் மிகப் பழைய இஸ்லாமியச் சுவடித் தொகுப்புகளில் ஒன்று அது. இங்கே எடைபோடுவது அந்தத் தொகுப்பை: உள்ளே என்ன இருக்கிறது, வீட்டிலிருந்தே எவ்வளவு தூரம் போகலாம், எங்கே வழுக்கி விழுவோம்.

முதலிலேயே சொல்லிவிடலாம். சரக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பட்டியல்கள் நிறைய, ஆழமானவை, ஆனால் நான்கைந்து இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. தலைப்பைத் தட்டித் தேடுகிறவருக்குப் பாதிதான் கிடைக்கும். எண்ணைத் தெரிந்துகொண்டு போகிறவருக்குக் கிட்டத்தட்ட எல்லாம் கிடைக்கும்.

பல்கலைக்கழகம் 1575இல் தொடங்கியது. கீழை நூல்களின் முதல் பெரிய வரவு, 1609இல் இறந்த ஸ்காலிகர் என்ற மொழியறிஞர் உயிலில் எழுதிவைத்தது. அடுத்தவர் அரபுப் பேராசிரியரும் கணிதக்காரருமான கோலியுஸ். மொராக்கோவிலும் சிரியா, துருக்கிப் பக்கங்களிலும் சுற்றி 200க்கும் மேற்பட்ட சுவடிகளை நூலகத்துக்காக வாங்கி 1629இல் திரும்பினார். தனக்கென்றும் தனியாக வாங்கிவைத்திருந்தார். அந்தச் சொந்தத் தொகுப்பு அவர் இறந்தபின் 1696இல் ஏலம் போய், கணிசமான பகுதி ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்தது. எனவே 'கோலியுஸ் சுவடி' என்று ஒரு பழைய கட்டுரை சொன்னால் அது லெய்டனில்தான் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

தொகுப்பின் முதுகெலும்பு வார்னர். இஸ்தான்புல்லில் டச்சுப் பிரதிநிதியாக இருந்த லெவினுஸ் வார்னர் 1665இல் இறந்தபோது சுமார் ஆயிரம் சுவடிகளை லெய்டனுக்கு விட்டுச்சென்றார். அவர் வாங்கிய இடம்தான் விசேஷம். பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களைப் பற்றிக் குறிப்பெழுதிய காத்திப் செலெபி 1657இல் இறந்தார். நம் மத்ரஸாக்களில் ஹாஜி கலீஃபா என்றால் தெரியும். அவருடைய நூலகத்தின் ஒரு பகுதியை வார்னர் வாங்கிவிட்டார். அதாவது, இஸ்லாமிய உலகின் மிகப் பெரிய நூற்பட்டியலை எழுதியவர் தன் கையில் வைத்துப் புரட்டிய ஏடுகள் சில லெய்டன் அலமாரியில் உள்ளன. நூலகத்தில் கீழைச் சுவடிகளைப் பார்த்துக்கொள்பவரின் பதவிப் பெயரே 'வார்னர் கொடையின் விளக்குநர்' என்று லத்தீனில் நெடுங்காலம் இருந்தது.

பிறகு வந்தவற்றில் இரண்டு போதும். மதீனாவைச் சேர்ந்த அமீன் அல்மதனீ என்ற அறிஞர்-வியாபாரி கொண்டுவந்த 600க்கும் மேற்பட்ட சுவடிகள் 1883இல் பிரில் பதிப்பகம் வழியாக நூலகத்துக்கு வந்தன. மற்றது ஸ்னூக் ஹுர்க்ரோன்யே சேர்த்தவை. 1885இல் மக்காவில் தங்கியவர், பிறகு சுமத்ராத் தீவின் வடமுனையான ஆச்சே விவகாரங்களில் டச்சுக் காலனி அரசின் ஆலோசகர். அவர் கைபட்ட சுவடிகளில் தென்கிழக்காசிய இஸ்லாம் நிறைந்து கிடக்கிறது.

பேர் பெற்ற மூன்று சுவடிகளைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் தொகுப்பின் தரம் புரியும்.

ஓர். 298. அபூ உபைத் எழுதிய 'கரீபுல் ஹதீஸ்', ஹதீஸ்களில் (நபிமொழிகளில்) வரும் அரிய சொற்களுக்கான விளக்கம். எழுதி முடித்த ஆண்டு ஹிஜ்ரி 252, கி.பி. 866. தோலில் அல்ல, காகிதத்தில். ஐரோப்பாவில் உள்ள, தேதியிட்ட அரபுக் காகிதச் சுவடிகளில் இதுவே மிகப் பழையது என்று பெயர். ஆசிரியர் இறந்தது 838இல்; 28 ஆண்டுகளுக்குள் எடுத்த படி. ஆசிரியரை நேரில் கேட்டவர்கள் உயிரோடு இருந்திருக்கக்கூடிய காலம் என்பதால் பாடம் பார்ப்பவர்களுக்கு இது தங்கம். ஆனால் அச்சு எழுத்தில் பழகிய கண்ணோடு போனால் முதல் பக்கத்திலேயே திணறுவீர்கள். அந்தக் கால நூலெழுத்து கோணல்மாணலாக, புள்ளி பல இடங்களில் இல்லாமல் இருக்கும். 'ப'வா 'த'வா 'ன'வா என்பதைப் பொருளை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். அச்சுப் பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு பக்கம் வரி வரியாக ஒத்துப் பார்த்தால் கை பிடிபட்டுவிடும்.

ஓர். 289. கிரேக்க மருத்துவர் டயஸ்கோரிடிஸின் மூலிகை நூலின் அரபு மொழிபெயர்ப்பு, செடிகளின் வண்ணப் படங்களோடு. இதில் இரண்டு தேதிகள் சுழல்கின்றன: ஹிஜ்ரி 380 (990), ஹிஜ்ரி 475 (1083). முதலாவது, அந்நாத்திலீ என்பவர் மொழிபெயர்ப்பைத் திருத்தி எழுதிய மூலப்படியின் ஆண்டு. இரண்டாவதுதான் நம் முன்னால் இருக்கும் ஏடு எழுதப்பட்ட ஆண்டு. மூலப்படியில் இருந்த இறுதிக் குறிப்பையும் அப்படியே படியெடுத்துவிடும் வழக்கம் எழுத்தர்களிடம் உண்டு. கீழே தன் தேதியைப் போடாமல் விட்டவரும் உண்டு. அப்போது நூறு வருடம் பிந்திய ஏடு நூறு வருடம் முந்தியதாகிவிடும். நம் ஓலைச்சுவடிகளில் 'எழுதி முடிந்தது' வரியை நம்பி ஏமாந்தவர்களுக்கு இது புதிதல்ல. தேதியைப் பார்த்ததும் குறித்துக்கொள்ளாமல், அது யாருடைய தேதி என்று கேட்டுவிட்டுக் குறியுங்கள்.

ஓர். 927. ஸ்பெயினின் கொர்தோபாவைச் சேர்ந்த இப்னு ஹஸ்ம் (994–1064) காதலைப் பற்றி எழுதிய 'தவ்குல் ஹமாமா', புறாவின் கழுத்து வளையம். உலகத்தில் இந்த நூலுக்கு எஞ்சிய ஒரே கைப்படி இது. வார்னர் வாங்கியது, எழுதப்பட்டது ஹிஜ்ரி 738, கி.பி. 1338. 1914இல் வந்த முதல் பதிப்பு முதல் இன்று எத்தனையோ மொழிகளில் கிடைக்கும் பெயர்ப்புகள் வரை அத்தனைக்கும் தாய் இந்த ஒற்றை ஏடுதான். அதிலும் ஒரு சங்கடம். எழுத்தர் கடைசியில் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார்: பாடல்களில் பெரும்பகுதியை விட்டுவிட்டேன், நல்லவற்றை மட்டும் வைத்தேன் என்று. எது நல்லது என்று முடிவு செய்தது இப்னு ஹஸ்ம் அல்ல, அவருக்கு ஏறக்குறைய 300 ஆண்டு பிந்திய ஒருவர். இந்த வரியைக் கவனிக்காமல் 'இப்னு ஹஸ்மின் கவிதைத் தேர்வு' என்று பேசினால் எழுத்தரின் ரசனையைத்தான் பேசிக்கொண்டிருப்போம். இறுதிக் குறிப்பு இருக்கும் பக்கத்தை முதலில் திறக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

இனி எண் விவகாரம். இந்த மதிப்புரையின் சாரமே இங்குதான்.

'ஓர்.' எண் பொருள் வாரியாகவோ மொழி வாரியாகவோ அமைந்ததல்ல. வந்து சேர்ந்து, பதிவான வரிசை. எனவே குர்ஆன் விளக்கவுரையான தஃப்ஸீருக்குப் பக்கத்தில் வானியல், அதற்கடுத்து ஜாவா நாட்டு வயாங் (நிழற்கூத்து) கதை என்று இருக்கும். பொருள் வாரியாகப் பார்க்க 1851 முதல் 1877 வரை ஆறு தொகுதிகளாக வந்த லத்தீன் பட்டியல் உண்டு. ஆராய்ச்சியாளர்கள் அதைச் சி.சி.ஓ. என்று சுருக்குவார்கள். அதற்கென்று தனித் தொடர் எண். குழப்பம் ஆரம்பிப்பது இங்கே. ப்ரோக்கல்மான் எழுதிய அரபு இலக்கிய வரலாற்றில் 'லெய்டன் 461' என்று இருந்தால் அது சி.சி.ஓ. பட்டியலின் எண், அலமாரி எண் அல்ல. அதை நம்பி ஓர். 461ஐக் கேட்டால் சம்பந்தமில்லாத வேறு நூல் மேசைக்கு வரும். பழைய கட்டுரைகளில் 'வார்ன். 927' என்று வந்தால் அது அலமாரி எண்தான், அங்கே பயமில்லை. ஒரு மேற்கோளில் வெறும் எண் மட்டும் இருந்தால், இரண்டு வரிசையிலும் பார்த்து நூற்பெயர் பொருந்துகிறதா என்று சரிபார்க்காமல் படம் கேட்டு எழுதாதீர்கள்.

அரபுச் சுவடி தேடும் ஒழுங்கான வழி இது. வூர்ஹூஃப் தொகுத்த கைப்பட்டியல், 1957இல் வந்தது, 1980இல் மறுபதிப்பு. நூற்பெயர் அகரவரிசையில் ஒரே கட்டாக இருக்கிறது. லெய்டன் மட்டுமல்ல, நெதர்லாந்தின் மற்றத் தொகுப்புகளும் உண்டு. அங்கே எண்ணைப் பிடியுங்கள். பிறகு யான் யூஸ்ட் விட்காம் எழுதிய விரிவான இருப்புப் பட்டியலுக்குப் போங்கள். 'இஸ்லாமிக் மேனுஸ்கிரிப்ட்ஸ் டாட் இன்ஃபோ' தளத்தில் பிடிஎஃப்களாக இலவசமாகக் கிடைக்கிறது. தொகுதிக்கு ஆயிரம் எண் என்பது கணக்கு: முதல் தொகுதியில் 1 முதல் 1000, இரண்டாவதில் 1001 முதல் 2000. செப்பேட்டையும் இரண்டாவதில் பார்க்கலாம். வரிசையில் இடைவெளிகள் உண்டு, எல்லாத் தொகுதிகளும் இல்லை. துருக்கிக்கு யான் ஷ்மிட்டின் நான்கு தொகுதிகள் (2000–2012), மலாய்க்குத் தெயுக்கு இஸ்கந்தரின் இரண்டு தொகுதிகள் (1999). எண் உறுதியானபின்தான் நூலகத்தின் டிஜிட்டல் தொகுப்புத் தளம்.

அந்தத் தளத்திலும் ஒரு சின்னச் சிக்கல். நான்கு இலக்கம் வரை 'ஓர். 3101' என்று சாதாரணமாக எழுதுகிறார்கள். ஐந்து இலக்கம் ஆனதும் டச்சு வழக்கப்படி ஆயிரத்துக்குப் பின் புள்ளி: 'ஓர். 12.288', 'ஓர். 14.545'. புள்ளி இல்லாமல் தேடி 'கிடைக்கவில்லை' என்று வந்தால் நம்பாதீர்கள். புள்ளி போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை. ஒரே கட்டில் பல நூல்கள் இருந்தால், அரபியில் மஜ்மூஆ, எண்ணுக்குப் பின்னால் அடைப்புக்குள் 1, 2 என்று உள்ளெண் வரும். யூக்லிடின் அரபு வடிவம் இருக்கும் 399 அப்படிப்பட்டது. கணித வரலாற்றுக்காரர்கள் '399,1' என்பார்கள்.

எழுத்துப்பெயர்ப்பு அடுத்த தலைவலி. பழைய டச்சுப் பதிவுகளில் 'உ' ஒலிக்கு 'ஓ, ஈ' (oe) என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்து எழுதுவார்கள். 'ஜ'வுக்கு 'டி, ஜே' (dj). நூருத்தீன் என்ற பெயரை இங்கிலீஷ் வழக்கில் தேடினால் பாதி பதிவுகள் தப்பிவிடும். ஆச்சே என்ற ஊருக்கே மூன்று எழுத்துமுறை உண்டு. 'அல்' என்ற முன்னொட்டை விட்டுவிட்டுப் பெயரின் நடுப்பகுதியை மட்டும் தட்டுவது பலமுறை பயன் தரும். கோலியுஸ், ஸ்காலிகர் வழிவந்த சுவடிகளும் வார்னர் சுவடிகளில் ஒரு பகுதியும் முதலில் பிரில் பதிப்பகத்தின் சந்தாத் தொகுப்பாக இணையத்தில் வந்தவை. எந்தச் சந்தாவுக்கும் பணம் கட்டும் முன், அதே எண் நூலகத்தின் சொந்தத் தளத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

திரையில் ஏடு திறந்ததும் கவனிக்க வேண்டியது திசை. அரபுப் புத்தகம் வலமிருந்து இடம். ஒவ்வொரு ஏட்டுக்கும் முன்பக்கம் 'ஏ', பின்பக்கம் 'பி'. விரித்த நிலையில் வலப்பக்கம் இருப்பது முந்திய ஏட்டின் பின்பக்கம், இடப்பக்கம் இருப்பது அடுத்த ஏட்டின் முன்பக்கம். நம் கண்ணுக்கு இது தலைகீழ். படம்காட்டி இடமிருந்து வலமாகப் பக்கங்களை அடுக்கினால் ஒரு விரிப்பின் இரண்டு பக்கங்களும் இடம் மாறி நிற்கும், வரி தொடர்பு அறும். நூல் பெரும்பாலும் 1பியில்தான் தொடங்கும். 1ஏ வெற்றுப் பக்கம் போலத் தோன்றினாலும் தாண்டிப் போகாதீர்கள்: உடைமைக் குறிப்புகள், முத்திரைகள், விலை, பிள்ளை பிறந்த தேதி, மருந்துக் குறிப்பு எல்லாம் அங்கேதான். வக்ஃபு (அறக்கொடை) என்று எழுதிச் சுரண்டப்பட்ட தழும்பு தெரிந்தால் அந்த ஏடு விற்கப்படக் கூடாததாக ஒரு காலத்தில் இருந்தது என்று பொருள். இப்படிச் சுரண்டிய இடங்களை ஐரோப்பியத் தொகுப்புகள் பலவற்றிலும் பார்க்கலாம். பழைய பட்டியல்கள் அதைப் பற்றி வாய் திறப்பது குறைவு.

ஏடு தொலைந்திருக்கிறதா என்பதற்கு எளிய சோதனை ஒன்று. ஒவ்வொரு 'பி' பக்கத்தின் அடியிலும் இடது ஓரத்தில் ஒரு சொல் தனியாக, சற்றுச் சாய்ந்து நிற்கும். அடுத்த பக்கத்தின் முதற்சொல் அது, அரபியில் தஃகீபா. அந்தச் சொல்லும் அடுத்த பக்கத்தின் தொடக்கமும் பொருந்தாவிட்டால் நடுவில் ஏடு போயிருக்கிறது, அல்லது மறுகட்டுமானத்தில் இடம் மாறியிருக்கிறது. பென்சிலில் மேலே எழுதிய ஏட்டெண் 45, 46, 47 என்று ஒழுங்காகப் போவதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அந்த எண்ணை ஐரோப்பிய நூலகர்கள் பின்னாளில் போட்டார்கள். ஏடு குழம்பியபின் எண் போட்டால் எண் மட்டும் ஒழுங்காகத்தான் இருக்கும்.

ஓரத்தில் 'பலக' என்ற சொல் அங்கங்கே தெரிந்தால் மகிழுங்கள். மூலத்தோடு ஒத்துப் பார்த்து இதுவரை வந்தாயிற்று என்ற அடையாளம் அது. ஹதீஸ் சுவடிகளில் பத்தி முடிவில் ஒரு சிறு வட்டம், ஒத்துப் பார்த்ததும் அதற்குள் ஒரு புள்ளி. புள்ளி நின்றுபோன இடத்தோடு சரிபார்ப்பும் நின்றுபோயிருக்கும். முதல் ஏட்டில் 'யா கபீகஜ்' என்று எழுதியிருந்தால் அது நூலின் பெயரல்ல. பூச்சி அரிக்காமல் இருக்கப் பூச்சிகளின் அரசனைக் கூப்பிடும் மந்திரம். கபீகஜ் என்பது முதலில் ஒரு நச்சுச் செடியின் பெயர். நாம் வசம்பும் வேப்பிலையும் வைத்த இடத்தில் அவர்கள் பெயரை எழுதி வைத்தார்கள். பல ஏடுகளில் அந்தப் பெயரிலேயே ஓட்டை விழுந்திருக்கும்.

ஹிஜ்ரி ஆண்டை மனக்கணக்காக மாற்ற: 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டுங்கள். 738க்கு 716 வரும், 622 சேர்த்தால் 1338. ஒன்று முன்பின் ஆகலாம், ஏனென்றால் ஒரு ஹிஜ்ரி ஆண்டு இரண்டு கி.பி. ஆண்டுகளில் கால் வைக்கும். மாதம் தெரியாமல் ஒற்றை ஆண்டாக முடிவு கட்டாதீர்கள். பிற்காலச் சுவடிகளில் ஆயிரத்தை விழுங்கிவிடும் பழக்கம் உண்டு: '212' என்று எழுதி 1212ஐக் குறிப்பது. ஹிஜ்ரி 212ஆம் ஆண்டுச் சுவடி கையில் கிடைத்துவிட்டதாக நினைக்கும் முன் காகிதத்தைப் பாருங்கள். தேதியையும் 'முதல் பத்து', 'நடுப் பத்து', 'கடைசிப் பத்து' என்று மாதத்தை மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள். அதை ஒரு நாளாக மொழிபெயர்ப்பது பிழை.

காகிதம் என்று வந்ததும் இணையத்தின் எல்லை வந்துவிடுகிறது. 17ஆம் நூற்றாண்டு முதல் துருக்கிப் பேரரசில் எழுதப்பட்டவற்றில் நிறைய வெனிஸ் காகிதம். மூன்று பிறைகள் வரிசையாக நிற்கும் நீர்க்குறி அதன் அடையாளம். பின்னாலிருந்து ஒளி விட்டால்தான் நீர்க்குறி தெரியும். முன்னாலிருந்து ஒளி போட்டு எடுத்த படத்தில், எவ்வளவு பெரிதாக்கினாலும் தெரியாது. அதேபோல் கட்டுமானம். இஸ்லாமியக் கட்டுக்கு இடப்பக்கத்தில் ஐங்கோணமாக ஒரு மடிப்பு நாக்கு உண்டு. மூடும்போது அது மேலட்டைக்கு அடியில் போகும். நாக்கு அறுந்துபோன, ஐரோப்பாவில் மறுகட்டான ஏடுகளில் பழைய தையல் துளைகளைப் படத்தில் காண முடியாது. பச்சை நிறக் கோடு போட்ட சட்டங்கள் இன்னொரு ஆபத்து. செம்புப் பச்சை காகிதத்தைத் தின்னும். எழுத்துப் பரப்பு சட்டத்தோடு கத்தியால் வெட்டியதுபோல் கழன்று வரும். படத்தில் வெறும் நிழல்கோடாகத் தெரிவது நேரில் பிளவு. எனவே தேதியில்லாத சுவடியைக் காகிதத்தை வைத்துக் காலம் சொல்ல வேண்டியிருந்தால் படத்தை நம்பி முடிவெழுத முடியாது. போக வேண்டும், அல்லது ஒளி ஊடுருவும் படத்தைத் தனியாகக் கேட்க வேண்டும்.

போவது கடினமல்ல. ஸ்கிபோல் விமான நிலையத்திலிருந்து லெய்டன் மத்திய நிலையத்துக்கு ரயிலில் 20 நிமிடத்துக்குள். அங்கிருந்து விட்டே சிங்கல் கால்வாய் ஓரமாக 27ஆம் எண் கட்டடத்துக்கு நடந்தே போய்விடலாம். சிறப்புத் தொகுப்புகளின் வாசிப்பறை அங்கே. முன்கூட்டிப் பதிந்து, எண்ணைக் கொடுத்து, பிரதியைக் கேட்டுவைத்துவிட்டுப் போக வேண்டும். பை வெளியே, பேனா வெளியே, பென்சில் உள்ளே. ஏட்டை நுரைத் தாங்கிமேல் வைத்து, கட்டு அனுமதிக்கும் அளவுக்கு மட்டும் விரித்து, மணிச்சரம் போன்ற எடையால் பக்கத்தை நிறுத்துவார்கள். 180 பாகைக்குத் தட்டையாக விரித்தால் பழைய கட்டின் முதுகு உடையும். டிஜிட்டலில் இருக்கும் சுவடிக்கு, படத்தில் முடியாத எந்தக் கேள்விக்காக மூலம் வேண்டும் என்று ஒரு வரி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 'பார்க்க ஆசை' என்பதைவிட 'நீர்க்குறி பார்க்க வேண்டும்' என்பது எந்தச் சுவடி அறையிலும் எடுபடும். நேரம், கட்டணம் போன்றவை மாறுபவை. கிளம்பும் வாரத்தில் நூலகத் தளத்தைப் பார்ப்பதே சரி.

தமிழ் வாசகருக்கு மறைந்திருக்கும் வாசல் அரபுப் பகுதியில் இல்லை, மலாய்-ஜாவாப் பகுதியில் இருக்கிறது. வண்ணப்பரிமளப் புலவர் 1572இல் தந்த 'ஆயிர மசலா', யூத அறிஞர் இப்னு ஸலாம் நபியிடம் கேட்ட கேள்விகளின் கதை. அதே கதை மலாயில் 'செரிபு மஸாலா', ஜாவா மொழியில் 'சாமுத்'. இவற்றின் கையெழுத்து வடிவங்கள் லெய்டனில் உண்டு. மலாய் வடிவத்தைப் பற்றிய பைபரின் ஆய்வு 1924இல் லெய்டனிலேயே வெளிவந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து சுமத்ரா வரை போன ஒரு கதையின் மறுகரை அங்கே இருக்கிறது. அரபுத் தமிழ், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழ், படிக்கத் தெரிந்தவருக்கு மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவி அந்நியமில்லை. அங்கும் அரபியில் இல்லாத ஒலிக்கு இருக்கிற எழுத்தின்மேல் புள்ளி கூட்டியிருக்கிறார்கள்: 'ஃப'வுக்கு மூன்று புள்ளி போட்டால் 'ப', 'ஐன்' மேல் மூன்று புள்ளி போட்டால் 'ங'. மலாய் சொற்கோவை கொஞ்சம் இருந்தால் ஒரு மாதத்தில் மெல்ல மெல்லப் படிக்கலாம். ஜாவாச் சுவடிகள் பல த்லுவாங் என்னும் மரப்பட்டைத் தாளில் இருக்கும். நாரோட்டம் தெரியும், ஐரோப்பியக் காகிதத்தின் கம்பிக்கோடு தெரியாது. இதை மட்டும் படத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

ஆச்சே சுவடிகளைப் பார்க்கும்போது வந்த வழியையும் படியுங்கள். 1873இல் தொடங்கிய போர் பல பத்தாண்டு நீடித்தது. அந்தக் காலத்தில் ஒரு டச்சு அதிகாரி கையில் சுவடி 'கிடைத்தது' என்ற சொல்லுக்கு விலைக்கு, அன்பளிப்பாக, எரிந்த வீட்டிலிருந்து என்று எல்லாப் பொருளும் உண்டு. பழைய பதிவுகள் ஒரு வரியில் முடித்துவிடும். தகவல் கிடைத்த இடத்தில் விட்காம் கூடுதலாகச் சொல்கிறார்.

மற்ற இடங்களோடு ஒப்பிட்டால்: எண்ணிக்கை வேண்டுமானால் பிரின்ஸ்டன், சுமார் 10,000 தொகுதிகள். பெரும் பழமை வேண்டுமானால் பர்மிங்ஹாமின் இரண்டு குர்ஆன் ஏடுகள். தோலின் கரிமச் சோதனை 568–645 என்று காட்டியது. லெய்டனிலும் ஓர். 14.545இல் உள்ள குர்ஆன் தோல் துணுக்குகள் 7ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கும் எல்லைக்குள் வந்தன. இரண்டு இடத்திலும் சோதித்தது தோலை, மையை அல்ல. ஆடு செத்த காலம் வேறு, எழுதிய காலம் வேறு. காகிதம், தையல், அட்டை வரை விரிவான பதிவு வேண்டுமானால் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் 1,100 சுவடிகள் லெய்டனைவிட வசதி. புதிதாகப் பழகுகிறவர் அங்கே தொடங்கலாம். நூல்களின் வரலாறு, யார் கையிலிருந்து யார் கைக்கு என்பது வேண்டுமானால் லெய்டனை விட்டால் ஆளில்லை. நிலப்படப் பிரியர்கள் ஓர். 3101ஐத் திறக்கலாம், இஸ்தக்ரியின் நிலநூல். தெற்கு மேலே இருக்கும், திரையைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

படத்தை எடுத்துப் பயன்படுத்தும் முன் ஒவ்வொரு பிரதியின் விவரப் பக்கத்திலும் உரிம வரியைப் படியுங்கள். மேற்கோள் எழுதும்போது 'லெய்டன் பல்கலைக்கழக நூலகம், ஓர். 927, ஏடு 1பி' என்று நூலகம், எண், ஏடு, பக்கம் நான்கும் வர வேண்டும். படம்காட்டியின் பட எண்ணை ஏட்டெண்ணாக எழுதிவிடாதீர்கள். அட்டை, வெற்றுத்தாள், அளவுகோல் எல்லாம் சேர்த்து எண்ணப்படும் அது, உண்மையான ஏட்டெண்ணிலிருந்து தள்ளித்தான் நிற்கும். கூடவே அந்தப் பக்கத்துக்கான நிலையான இணைப்பைக் குறித்துவையுங்கள். முகவரிப் பட்டையில் தெரியும் தேடல் இணைப்பு ஆறு மாதத்தில் செத்துவிடும். விவரப் பக்கத்தில் 1887.1 என்று தொடங்கும் நிரந்தர எண் உள்ள இணைப்புதான் நிற்கும்.